ஷாட் முடிஞ்சதும் பேசுறேன்னாங்க

கொண்டையை மாதிரி கைவேலைக்காரி எங்க தொழில்ல இன்னொருத்தி இல்ல. அவளை மாதிரி மடச்சியும் இன்னொருத்தி இல்ல. ரெண்டையும் சொல்ல எனக்கு உரிமை இருக்கு. அத்தனை வருஷம் ஒரே கண்ணாடிக்கு முன்னாடி நின்னு வேலை பார்த்தவங்க நாங்க. மூஞ்சி என் பொறுப்பு, முடி அவ பொறுப்பு. நான் மேக்கப்மேன், அவ ஹேர் டிரெஸ்ஸர். மூஞ்சியும் முடியும் யாரோடதுன்னா மேடத்தோடது. நீங்க பஸ்ஸுக்கு நிக்கிறப்ப எதிர்ச் சுவத்து சினிமா போஸ்டர்ல இருந்து உங்களையே பார்த்துச் சிரிக்குமே, அந்த மூஞ்சிதான்.

அடுத்தவங்க தலையில மணிக்கணக்கா வித்தை காட்டுவா. தன் தலையை மட்டும் அப்படியே வாரிச் சுருட்டி உச்சியில ஒரு முடிச்சு, அதுல ஒரு வால் சீப்பைச் சொருகிக்கிட்டு வந்து நிப்பா. அதனாலதான் கொண்டை. வாயில நாலஞ்சு பின்னைக் கடிச்சுக்கிட்டே ஊர் உலகத்தைத் திட்டுவா, ஒரு பின் கீழ விழாது. வீட்டுக்காரர் லைட்மேன். ஏணியில இருந்து விழுந்து போய்ச் சேர்ந்துட்டார். பிள்ளை குட்டி கிடையாது. மேடம் முதல் படத்துக்கு வந்த அன்னிக்கு, யாரோ முடியைப் பிடிச்சு இழுத்து சிக்கெடுத்ததுல மூலையில உட்கார்ந்து அழுதுட்டு இருந்தாங்களாம். இவ போய், "குடு பாப்பா தலையை, நான் பார்த்துக்கறேன்"ன்னு சீப்பைப் பிடுங்கியிருக்கா. அன்னையில இருந்து அந்தத் தலையை வேற யாரையும் தொட விட்டதில்ல. நாலு பேர் முன்னாடி மேடம், ரூம் கதவைச் சாத்திட்டா பாப்பா.

இடுப்புல ஒரு பை கட்டியிருப்பா. பின், ரப்பர் பேண்டு, தலைவலி மாத்திரை, அப்புறம் மேடத்தோட போன். ஷாட்டுக்குப் போறப்ப போன் இவ பைக்கு வந்துடும். யார் கூப்பிட்டாலும் இவ ஒரே பாட்டைத்தான் படிப்பா. "சொல்லிட்டேங்க, ஷாட் முடிஞ்சதும் பேசுறேன்னாங்க." எங்க சொன்னா? மேடம் காதுக்கு விஷயம் போயே இருக்காது. ஆனா கூப்பிட்டவங்களுக்கு ஒரு திருப்தி, நம்ம பேச்சு அவங்க காது வரைக்கும் போயிடுச்சேன்னு. தயாரிப்பாளருக்கும் அதே பதில், பத்திரிகைக்காரருக்கும் அதே பதில், கிரெடிட் கார்டு வேணுமான்னு கேக்கற பொண்ணுக்கும் அதே பதில். எங்க தொழில்ல இதை யாரும் பொய்க் கணக்குல சேர்க்கறதில்ல.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிடறேன். மேக்கப் போட்ட கன்னத்துல போனை வச்சா என் உழைப்பு அத்தனையும் போச்சு. அதனால ஸ்பீக்கர்ல போட்டு, கன்னத்துல படாம கொண்டைதான் பிடிச்சுக்கிட்டு நிப்பா. காதைப் பொத்திக்கவா முடியும்? மேடம் குடும்பமே எங்க ரெண்டு பேர் காதுலதான் குடியிருந்துச்சு. வெளியில ஒரு பத்திரிகை மேடத்துக்கு ரகசியக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கும். இங்க ஸ்பீக்கர்ல அவங்க அம்மா, "ஏன்டி, இருமலுக்கு மருந்து குடிச்சியா இல்லையா?"ன்னு கத்திட்டு இருப்பாங்க.

அப்பா பஸ் ஓட்டினவர். ஓய்வு வாங்கினதுக்கப்புறம் அவருக்கு ஒரே வேலைதான். மகள் படம் வந்தா முதல் காட்சிக்குப் போய்க் கடைசி வரிசையில உட்காருவார். படத்தைப் பார்க்க மாட்டார், பார்க்கற ஜனங்களைப் பார்ப்பார். வெளிய வந்ததும் போன் வரும். "நீ கதவைச் சாத்திட்டு அழறியே, அந்த இடத்துல எனக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தவன் மூக்கைச் சிந்திட்டான்மா!" அதைச் சொல்லி முடிச்சு, "கொண்டை, பக்கத்துல இருக்கியா? சாப்பிட்டியாம்மா?"ம்பார். எங்களை எல்லாம் சாப்பிட்டியான்னு கேக்க யார் இருக்கா? கொண்டைக்கு அன்னிக்கு முழுக்க வாய் காதளவு இருக்கும்.

இப்ப அந்த மழைக் காட்சிக்கு வரேன். தெரு மாதிரி செட் போட்டு, மேல குழாய் கட்டி, லாரித் தண்ணியில மழை. கதாநாயகிக்கு வேலை கிடைச்சிடுச்சு, அந்தச் சந்தோஷத்துல நடுத்தெருவுல நனைஞ்சுக்கிட்டே சிரிக்கணும். ஈரத் தலைன்னா கொண்டைக்குச் சிம்ம சொப்பனம். முந்தின ஷாட்டுல எந்த முடி நெத்தியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சோ அதே முடி அதே இடத்துல இருக்கணும். நடுவுல கொஞ்சம் காய்ஞ்சாலும் எல்லாம் முதல்ல இருந்து. தண்ணி லாரியும் அதுதான் கடைசி. அப்பத்தான் அவ பையில போன் அதிர்ந்துச்சு. அவ பையைத் திறந்தா, திரும்பி நின்னு என்னமோ பேசினா, மூடினா. நான் பார்த்தது அவ்வளவுதான். மத்ததெல்லாம் பின்னாடி அவளே சொல்லித் தெரிஞ்சது.

பேசினது மேடத்தோட தம்பி. ஆஸ்பத்திரியில இருந்து. "கொண்டையக்கா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. அக்கா குரலைக் கேக்கணும்ங்கிறார். உடனே குடுங்க."

கொண்டை நிமிர்ந்து பார்த்திருக்கா. குழாய்க்குக் கீழ பாப்பா நிக்கறாங்க. தலை அம்சமா இருக்கு, ஒரு முடி இடம் மாறல. இப்பப் போய் இதைச் சொன்னா கண்ணு வீங்கும், மூஞ்சி போகும், அன்னிக்கு வேலையே போகும். ஒரே ஒரு ஷாட், முடிஞ்ச கையோட குடுத்துடலாம்னு நினைச்சிருக்கா. நினைச்சது மட்டும்னா பரவாயில்ல. பழகின வாய் அது பாட்டுக்குச் சொல்லிடுச்சு.

"சொல்லிட்டேன் தம்பி, ஷாட் முடிஞ்சதும் பேசுறேன்னாங்க."

அந்த டேக் ஓகே ஆச்சு. டைரக்டரே கைதட்டினார். கொண்டை போனைக் கையில எடுத்துக்கிட்டு வேகமா போனா. அதுக்குள்ள மேடம், "சார், இன்னொண்ணு போலாம். இதைவிட நல்லா பண்றேன்"னு கேட்டுட்டாங்க. எனக்கு எரிச்சலான எரிச்சல். லாரியில கொஞ்சம் தண்ணி மிச்சம் இருக்குங்கிறதுக்காக, ஓகேன்னு சொன்ன பிறகு என்னங்க இன்னொண்ணு? திரும்பவும் மூஞ்சியை ஒத்தி, திரும்பவும் கண்ணுக்கு மை இழுத்து... கொண்டை போனைப் பையில போட்டுட்டு நெத்தி முடியை ஒட்ட வச்சா. கை வெடவெடன்னு நடுங்குச்சு. தண்ணியில நின்ன குளிராக்கும்னு நான் நினைச்சுக்கிட்டேன். அந்த இன்னொண்ணுதான் படத்துல இருக்கு. தியேட்டர்ல நீங்க எல்லாரும் விசிலடிச்சீங்களே, அந்தச் சிரிப்பு.

போன் மேடம் கைக்குப் போனப்ப அப்பா இல்ல.

செட்டுல நடந்தது வெளியில எப்படிப் போகும்னு சொல்லணுமா? படத்துக்கு விளம்பரம் பார்க்க பி.ஆர்.ஓ.ன்னு ஒரு புண்ணியவான் இருந்தான். "அப்பா சாகக் கிடக்கறார்னு தெரிஞ்சும் சிரிச்சு நடிச்சுக் குடுத்துட்டுப் போன மகராசி"ன்னு ஊரெல்லாம் கதை கட்டிவிட்டான். மேடம் துக்கத்துல இருந்தாங்க, ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. படம் ஓடு ஓடுன்னு ஓடுச்சு. பெரிய விழா எடுத்து விருது குடுத்தாங்க. மேடையில அந்தத் தொகுப்பாளர் குரல் தழுதழுக்க இதே கதையைச் சொன்னார். மண்டபமே எழுந்து நின்னு கைதட்டுச்சு. மேடம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. என்ன அடக்கம், என்ன அடக்கம்னு மறுநாள் எல்லாரும் எழுதினாங்க.

வீட்டுல அவங்க அம்மாவும் டி.வி.யில பார்த்திருக்காங்க.

மறுநாள் காலையில நான் ஃபவுண்டேஷன் போட்டுட்டு இருக்கேன், போன் வந்துச்சு. கொண்டை வழக்கம் போல ஸ்பீக்கர்ல போட்டுப் பிடிச்சா. அம்மா குரல் கொதிச்சுது. "தம்பி அன்னைக்கே சொன்னான்டி. அப்பா கேக்கறார்னு உனக்குச் சொல்லியாச்சு, ஷாட் முடிஞ்சதும் பேசுறேன்னு நீ சொன்னியாம். நான் நம்பல. என் பொண்ணு அப்படிச் சொல்லியிருக்க மாட்டா, நடுவுல எவளோ என்னமோ உளறியிருப்பான்னு இத்தனை நாள் மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன். நேத்து மேடையில ஊரே சொல்லுது, நீ இல்லன்னு சொல்லாமத் தலையைக் குனிஞ்சுட்டு நிக்கறே. அதுக்குப் பரிசு வேற. இனிமே எனக்குப் போன் பண்ணாத. பண்ணினா நானும் ஷாட் முடிஞ்சதும் பேசுறேன்."

பட்டுன்னு வச்சுட்டாங்க. கொண்டை கையில போன் அப்படியே நிக்குது. பாப்பா இப்பத் திரும்பி, "நீ எப்ப அக்கா என்கிட்ட சொன்னே?"ன்னு கேட்கப் போறாங்கன்னு அவ காத்துட்டு நின்னிருக்கா. மேடம் கேட்கல. அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல, இவகிட்டயும் ஒண்ணும் கேட்கல. "அண்ணா, இந்தக் கண்ணுக்குக் கீழ கொஞ்சம் பாருங்க"ன்னு என்கிட்ட சொன்னாங்க.

அன்னிக்கு டீ நேரத்துல, கேரவனுக்குப் பின்னாடி ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவுல, கொண்டை எல்லாத்தையும் என்கிட்ட கொட்டித் தீர்த்தா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"அடிப்பாவி! புத்தி கித்தி இருக்கா உனக்கு? சாகப் போற மனுஷன்டி!"

"திட்டுங்கண்ணே. நல்லா திட்டுங்க. அந்த மனுஷன் என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டவர். அவர் காதுல கடைசியா விழுந்தது என் பொய்." மூக்கை முந்தானையில துடைச்சுக்கிட்டா. "இதுல பாருங்க, பாப்பாவுக்கு இப்ப எல்லாம் தெரிஞ்சு போச்சு. ஆனா என்னைக் காட்டிக் குடுக்கல. பெத்த தாய் பேச மாட்டேன்னு சொல்லியும் என்னைக் காட்டிக் குடுக்கல. அதுதான் என்னால தாங்க முடியல. ஒரு அறை விட்டிருந்தாக்கூட நிம்மதியா இருப்பேன்."

"அதான் மேடமே விட்டுட்டாங்கல்ல? வாயை மூடிட்டு வேலையைப் பாரு. வெளியில தெரிஞ்சா உன் தலையை எந்த யூனிட்டும் உள்ள விடாது."

"விடாட்டிப் போகுது. அந்தம்மாவுக்குப் புருஷனும் போயாச்சு, இப்பப் பொண்ணும் இல்லாமப் போகணுமா? என்னால? நான் போய்ச் சொல்லிடறேன்."

பிடிச்சா பிடிச்ச பிடி. ஞாயித்துக்கிழமை நான்தான் ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனேன். மகன் வீட்டுல இருந்தாங்க அந்தம்மா, மாடியில சின்ன வீடு. ஜன்னல் ஓரமா உட்கார்ந்து துணி மடிச்சுட்டு இருந்தாங்க. டி.வி. மேல அவரோட மூக்குக் கண்ணாடி. கொண்டை உட்காரல. நின்ன வாக்குலயே ஆரம்பிச்சா, ஒரு எழுத்து விடாமச் சொன்னா. "உங்க பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. என் வாய்தான் சொல்லுச்சு. அவங்களுக்கு நான் சொல்லவே இல்ல. எல்லாப் பாவமும் என்னைச் சேர்ந்தது."

அந்தம்மா மடிச்ச துணியைப் பிரிச்சுத் திரும்ப மடிச்சாங்க.

"நீ அப்படிச் சொன்னதும் அவர் சிரிச்சார்," அப்படின்னாங்க கடைசியில. "'நல்லா நடிச்சு முடிச்சுட்டு வரட்டும், அவசரப்படுத்தாதீங்க'ன்னார். வாசலையே பார்த்துட்டு இருந்தார். அந்தப் பார்வையோட போனார்." அப்புறம் எங்களைப் பார்க்காமலே, "கதவைச் சாத்திட்டுப் போங்க"ன்னாங்க.

மாடிப் படி இறங்கினப்ப கொண்டை பாதியில உட்கார்ந்துட்டா. நான் பக்கத்துல உட்கார்ந்து அவ முதுகைத் தட்டிக் குடுத்தேன். திட்டறதுக்கு எனக்கு வார்த்தை தீர்ந்து போச்சு.

மறுநாள் மேக்கப் ரூம். கதவு சாத்தியிருக்கு, உள்ள நாங்க மூணு பேர்தான். நான் மேடத்துக்குக் கழுத்துல பவுடர் ஒத்திட்டு இருக்கேன், கொண்டை பின்னல் போட்டுட்டு இருக்கா.

"அக்கா, அம்மா ராத்திரி போன் பண்ணினாங்க. என்மேல தப்பே இல்லன்னு அழறாங்க. நீ என்ன போய்ச் சொன்னே?"

கொண்டை பின்னலை விடல. வாயில இருந்த பின்னை எல்லாம் எடுத்து மேஜை மேல வச்சா. "உள்ளதைச் சொன்னேன் பாப்பா. உனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். என்னை என்ன வேணா பண்ணிக்கோ."

மேடம் கண்ணாடியில அவளைப் பார்த்தாங்க. அழல, கோபமும் படல. எனக்கு ஒத்தற கை அப்படியே நின்னு போச்சு.

"எனக்குத் தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்குக் காலையில வீட்டுல இருந்து கிளம்பறப்பவே தம்பி சொன்னான், அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குன்னு. அந்த டேக் முடிஞ்சதும் நீ போனைக் கையில வச்சுக்கிட்டு வந்தே. உன் மூஞ்சியைப் பார்த்தேன். இத்தனை வருஷமா தினம் கண்ணாடியில பார்க்கற மூஞ்சி, எனக்குத் தெரியாதா? நீ கிட்ட வந்தா சொல்லிடுவே. சொல்லிட்டா நான் போகணும். அதுக்கு முன்னாடி இன்னொண்ணு கேட்டுட்டேன்."

"ஏன் பாப்பா?"

"ஏன்னா... ஷாட் நல்லா வந்துட்டு இருந்துச்சு அக்கா. அவ்வளவுதான். வேற காரணம் சொல்லணும்னு நானும் தேடித் தேடிப் பார்த்துட்டேன். ஒண்ணும் இல்ல."

அந்த நேரம் பார்த்துப் போன் அடிச்சுது. அம்மா. கொண்டை பையில இருந்து எடுத்து, பழக்க தோஷம், ஸ்பீக்கர்ல போட்டு மேடத்தோட கன்னத்துக்குப் பக்கத்துல பிடிச்சா. பிடிச்சுக்கிட்டே உதட்டை மட்டும் அசைச்சுச் சொன்னா. சொல்லிடாத. அந்தம்மாவுக்கு நீ வேணும்.

"கண்ணு, சாப்பிட்டியாடி?" அந்தம்மா குரல் அவ்வளவு குளிர்ந்து போயிருந்துச்சு. "உன்னைப் போய் என்னென்னமோ பேசிட்டேனேடி. ஞாயித்துக்கிழமை வா, தம்பியும் இருப்பான். ஆனா ஒண்ணு. அந்தக் கொண்டைக்காரி இனி உன் பக்கத்துல இருக்கக் கூடாது. அவ கை உன் தலையில படறதை என்னால நினைச்சுப் பார்க்க முடியல. இன்னைக்கே அனுப்பிடு. என்ன, அனுப்பிடுவியா?"

போனைப் பிடிச்சிருந்த கை ஆடல. அதைச் சொல்லியே ஆகணும். மழையில ஆடின கை, இப்ப ஆடல. மேடம் கண்ணாடியில அவளையே பார்த்துட்டு இருந்தாங்க. உண்மையைச் சொல்றதுக்கு வாய் திறந்த மாதிரி எனக்குத் தெரிஞ்சது. சொல்லுங்க, சொல்லித் தொலைங்கன்னு என் மனசு அடிச்சுக்குது.

"சரிம்மா," அப்படின்னாங்க.

கொண்டை போனை அணைச்சு மேஜையில வச்சா. பாதியில நின்ன பின்னலை முடிச்சா. ஒவ்வொரு பின்னா எடுத்து, ஒண்ணும் குத்தாமச் சொருகினா. கடைசியா நெத்தியில ஒரு முடியை ஊதித் தள்ளிட்டு, இடுப்புப் பையை அவிழ்த்துப் போன் பக்கத்துல வச்சா. "ஷாட்டுக்கு நேரமாச்சு, போ பாப்பா"ன்னா. மேடம் எழுந்தாங்க, அவ கையைப் பிடிச்சாங்க. வெளியில இருந்து, "மேடம், ரெடி"ன்னு கூப்பிட்டுட்டாங்க. போயிட்டாங்க.

இப்பக் கொண்டை எங்க தெருவுக்கு அடுத்த தெருவுல ஒரு பியூட்டி பார்லர்ல வேலை பார்க்கறா. கல்லூரிப் பொண்ணுங்க மேடத்தோட போட்டோவைக் காட்டி, "இதே மாதிரி பண்ணிவிடுங்க ஆன்ட்டி"ன்னு கேக்குதுங்களாம். பண்ணிவிடறா. மேடத்துக்கு வேற ஒரு பொண்ணு வந்து தலை வாருது. போன் மட்டும் என் பைக்கு வந்துடுச்சு.

எனக்கு ஒரு வைராக்கியம். அந்த அம்மாகிட்ட இருந்து போன் வந்தா, ஷாட்டாவது மண்ணாங்கட்டியாவது, நேரா கொண்டு போய்க் கையில குடுத்துடறதுன்னு. இன்னைக்கு மத்தியானம் வந்துச்சு. லைட் எல்லாம் போட்டு ரெடியா இருந்தாங்க. நான் எவனையும் கேட்காம ஒயரைத் தாண்டிக்கிட்டு உள்ள போய் போனை நீட்டினேன். பேர் தெரியற மாதிரி நீட்டினேன். மேடம் பார்த்தாங்க. என்னையும் பார்த்தாங்க. அப்புறம் மெல்லத் தலையை ஆட்டினாங்க, அப்புறம்னு. நான் திரும்பி வந்துட்டேன். போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுத்தேன். என் வாய் என்ன சொல்லியிருக்கும்னு நீங்களே நினைச்சுக்கோங்க.

வேலை முடிஞ்சு வர்ற வழியில தினமும் பார்லர் வாசல்ல ஸ்கூட்டரை நிறுத்துவேன். இன்னைக்கும் நிறுத்தினேன். கொண்டை சீப்பும் கையுமா வெளிய வந்தா. தினம் கேக்கற கேள்விதான்.

"அண்ணே, அந்தம்மா போன் பண்ணாங்களா?"

"பண்ணாங்க."

"பாப்பா பேசினாளா?"

"பேசினாங்க," அப்படின்னேன்.

"அப்பச் சரி"ன்னு சிரிச்சுட்டு உள்ள போயிட்டா.